குறியற்ற கை

வலி எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டபோது அவளால் நாளைக் குறிப்பிட முடியவில்லை. "சென்ற பருவத் தேர்வுக்குப் பிறகு" என்றாள். உடனே "அதற்கும் முன்பே" என்று திருத்திக்கொண்டாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார் அவர். சாய்த்ததும் கட்டைவிரலின் அடியிலிருந்து முன்கை வரை வலி ஒரு கம்பியைப் போல இழுத்தது. கட்டைவிரலை இயக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்துவிட்டதால் அவை உரசுகின்றன என்று விளக்கினார். கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டையை 6 வாரம் அணிய வேண்டும். எழுந்து வரும்போது கடைசியாக ஒன்று சொன்னார்: "அந்தக் கையால் மவுஸைத் தொடாதீர்கள்."

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க 5 மாதம் இருந்தது. உதவித்தொகை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

அவள் ஹைதராபாத்தில் மொழியியல் ஆய்வு மாணவி. ஆய்வுப் பொருள் கோலாமி மொழியின் உயிர்நீட்சி. தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் பகுதியிலும் பேசப்படும் நடுத்திராவிட மொழி அது. எமனோ 1955-இல் வெளியிட்ட இலக்கண நூலே இன்றும் அதற்கான முதன்மை நூல்களில் ஒன்று. தமிழைப் போலவே கோலாமியிலும் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துகின்றன. ஆனால் பேச்சில் அந்த நெடில் உண்மையில் எவ்வளவு நீளம், சொல்லின் இறுதியில் அது குறுகுகிறதா, வேகமாகப் பேசும்போது வேறுபாடு தேய்கிறதா என்பவற்றை அளந்துதான் சொல்ல முடியும்.

12 பேச்சாளர்கள், ஆளுக்கு 120 சொற்கள், ஒவ்வொரு சொல்லும் 3 முறை. மொத்தம் 4,320 ஒலிப்புகள். ஒவ்வோர் உயிருக்கும் தொடக்கத்தில் ஓர் எல்லை, முடிவில் ஓர் எல்லை என்று 8,640 எல்லைக்கோடுகள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் புர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய 'பிராட்' மென்பொருளில் ஒலியலையைப் பார்த்து, அலைவு ஒழுங்குபெறும் இடத்தைத் தேடி, சுட்டியை அங்கே கொண்டுபோய்ச் சொடுக்க வேண்டும். பிறகு கேட்க வேண்டும்; தவறென்றால் கோட்டைப் பிடித்து இழுத்து நகர்த்த வேண்டும். மென்பொருள்களைக் கொண்டு எல்லைகளைத் தானாக இடச் செய்யலாம்தான். ஆனால் பயிற்றுவிக்கப் போதிய தரவு இல்லாத மொழியில், தானாக இட்ட எல்லைகளை ஒவ்வொன்றாகத் திருத்துவதும் அதே அளவு வேலையாகிவிடுகிறது. பட்டை கட்டிய அன்று ஏறத்தாழ 3,100 எல்லைகளே முடிந்திருந்தன.

இடக்கையால் மவுஸைப் பிடித்துப் பார்த்தாள். சுட்டி குறித்த இடத்தைத் தாண்டி ஓடியது. திரும்பி வந்தால் மறுபக்கம் தாண்டியது. சில மில்லிநொடிகளை அளக்கும் வேலையில் அந்த நடுக்கம் தரவுக்குள் புகுந்துவிடும். ஒரு கையைக் கெடுத்த அதே சுமையை இன்னொரு கைக்கு மாற்றுவதும் அறிவுடைமை அல்ல என்று மருத்துவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

ஆய்வகத்தில் அவளுக்கு அடுத்த இருக்கை ஒப்பிலக்கியத் துறையின் மூத்த ஆய்வாளர் ஒருவருடையது. பார்வையற்றவர். திரைவாசிப்பானின் குரலைக் காதணியில் கேட்டபடி வேலை செய்வார். அவர் மேசையில் மவுஸே கிடையாது. அவள் பெருமூச்சு விடுவதை மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான்காம் நாள் தெலுங்கில் கேட்டார்: "என்னம்மா, கையா?"

அவள் சொன்னாள்.

"எலி இல்லாமலே சுட்டியை நகர்த்தலாமே. எண்விசைகள் இருக்கின்றனவா உன் கணினியில்?"

"மடிக்கணினி, அண்ணா. இல்லை."

"கோட்டிக்குப் போய்த் தனியாக ஒன்று வாங்கி வா. கணக்கர்கள் பயன்படுத்துவார்களே, அது."

கோட்டியின் மின்னணுக் கடைகளில் அது சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. மறுநாள் அவர் அவளுடைய விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, திரையைப் பார்க்காமலே அமைத்துக் கொடுத்தார். விண்டோஸில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம்லாக் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஓர் ஒலி எழுந்தது. 'மவுஸ் கீஸ்' என்ற வசதியை இயக்கவா என்று கணினி கேட்டது. என்டரைத் தட்டினார்.

அதன் பிறகு எண்கள் திசைகளாயின. 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம். 7, 9, 1, 3 ஆகியவை நான்கு மூலைகளை நோக்கி. நடுவிலுள்ள 5 சொடுக்கு. கூட்டல் விசை இரட்டைச் சொடுக்கு. கழித்தலை அழுத்திவிட்டு 5-ஐ அழுத்தினால் வலப்பொத்தானின் சொடுக்கு. வகுத்தலை அழுத்தினால் மீண்டும் இடப்பொத்தான். 0 ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளும். புள்ளி அதை விடுவிக்கும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டால் சுட்டி விரைந்து செல்லும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டால் மிக மெல்ல நகரும். லினக்ஸில் ஷிஃப்ட்டும் நம்லாக்கும் சேர்ந்து இதே வேலையைச் செய்வதுண்டு. மேக் கணினியில் அமைப்பில் இசைவு தந்துவிட்டால் ஆப்ஷன் விசையை 5 முறை தட்டினால் போதும். எண்விசைகள் இல்லாவிட்டாலும் எழுத்து விசைகளில் ஒரு பகுதி திசைகளாகிவிடும்.

"உங்களுக்கு இது எப்படித் தெரியும் அண்ணா? நீங்கள் சுட்டியையே பயன்படுத்துவதில்லையே" என்று கேட்டாள்.

விடுதியில் தம்மோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பர் பெருமூளை வாதம் உடையவர் என்றார். மவுஸைப் பிடித்தால் அவர் கை அதிரும். ஆனால் ஒரு விசையை ஒரு விரலால் அழுத்த அவரால் முடியும். பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் ஒவ்வொரு முறையும் வேறொரு கணினி, ஒவ்வொன்றிலும் அமைப்பு அழிக்கப்பட்டிருக்கும். "நான் போய் அமைத்துக் கொடுப்பேன். அவன் எனக்குத் திரையில் உள்ள படங்களை விவரிப்பான். கணக்கு நேராகிவிடும்."

முதல் நாள் முழுவதும் அவள் இட்டது 40 எல்லைகள். எண்விசைகளை இடப்பக்கம் வைத்து இடக்கை விரல்களால் இயக்கினாள். பட்டைக்கு வெளியே நீண்டிருந்த வலக்கைச் சுண்டுவிரல் தேவைப்படும்போது ஷிஃப்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டது. மவுஸில் ஒரு வீச்சில் முடிந்த பயணம் இப்போது பல படிகளானது: வலம், வலம், மேல்மூலை, தாண்டிவிட்டது, இடம், நிறுத்து, 5. திரையில் சுட்டி எறும்பைப் போல ஊர்ந்தது.

இந்தத் தாமதம் அவளுடைய திறமைக்குறை அல்ல, அளந்தறியப்பட்ட ஒன்று. பால் ஃபிட்ஸ் 1954-இல் வகுத்த விதிப்படி, கை ஓர் இலக்கை அடையும் நேரம் தொலைவுக்கும் இலக்கின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைப் பொறுத்துக் கூடுகிறது. தொலைவு இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதில்லை, சிறிதளவே கூடும். 1978-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டு, வில்லியம் இங்லிஷ், பெட்டி பர் ஆகியோர் மவுஸையும், அழுத்தத்துக்கேற்ப நகரும் கைப்பிடியையும், இருவகை விசைகளையும் ஒப்பிட்டனர். மவுஸே விரைவானது என்று கண்டனர். அதன் நேரம் ஃபிட்ஸின் விதியைப் பின்பற்றியது. விசைகளிலோ நேரம் அழுத்தங்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாகக் கூடியது. மவுஸ் பரவியதில் இந்த ஆய்வுக்கும் பங்குண்டு.

அந்த மூவரில் ஒருவரான இங்லிஷ்தான் 1960களில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்துக்கு மரத்தால் உடல் கொடுத்து முதல் மவுஸைச் செய்தவர். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை அரங்கேற்றியபோது, அவருடைய வலக்கையில் மவுஸ் இருந்தது. இடக்கையின் கீழ் 5 விசைகள் கொண்ட ஒரு சிறு பலகை இருந்தது. பியானோவின் சுரக்கூட்டைப் போல விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துகளை இடும் கருவி அது. இரு கைக்கும் வேலை பகிர்ந்தளிக்கப்பட்ட அமைப்பில்தான் மவுஸ் பிறந்தது. உலகம் மவுஸை எடுத்துக்கொண்டது. இடக்கைப் பலகையை விட்டுவிட்டது.

விசைகளால் சுட்டியை நகர்த்தும் வசதிக்கு வேறொரு தாய்வீடு உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் தொடங்கிய டிரேஸ் மையம், பேசவோ கையை விரும்பியபடி இயக்கவோ இயலாதவர்களுக்கான கருவிகளை 1970களிலிருந்தே உருவாக்கி வந்தது. ஒரே நேரத்தில் இரு விசைகளை அழுத்த இயலாதவர்களுக்கான வசதி, கை நடுக்கத்தால் தவறி விழும் அழுத்தங்களைப் புறக்கணிக்கும் வசதி, எண்விசைகளால் சுட்டியை நகர்த்தும் வசதி ஆகியவற்றை அது விண்டோஸுக்கான துணைத் தொகுப்பாக வடித்தது. விண்டோஸ் 95-இல் அவை இயங்குதளத்துக்குள்ளேயே இடம்பெற்றன. அன்றிலிருந்து, இந்நாட்டின் கல்லூரிகளில் விண்டோஸ் இயங்கும் கணினிகளில் எல்லாம் அந்த வசதி சத்தமின்றிக் கிடக்கிறது. அவள் 15 ஆண்டுகளாகக் கணினியைப் பயன்படுத்துகிறாள். கை நோகும் வரை அதைத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தேவை ஏற்படவில்லை.

முதுகலையில் அவள் படித்த ஒரு கருத்து இப்போது வேறு பொருளில் திரும்பி வந்தது. பிராக் மொழியியலாளர்கள், குறிப்பாகத் துருபெத்ஸ்கோயும் யாக்கப்சனும், எதிர்நிலைகளைக் குறியுடையது, குறியற்றது என்று பிரித்தார்கள். குறியற்றது தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. எதுவும் சேர்க்காமலே அது புரிந்துகொள்ளப்படும். குறியுடையதுதான் ஒரு விகுதியையோ அடைமொழியையோ சுமக்க வேண்டும். 'மருத்துவர்' என்றால் ஆண் என்று கொள்ளப்பட்டு, பெண்ணுக்கு மட்டும் 'பெண் மருத்துவர்' என்று அடை சேர்க்கப்பட்ட காலம் அதற்கு எளிய சான்று. மவுஸைப் பிடிக்கும் கையும் அப்படித்தான். எந்த மென்பொருளின் கையேட்டிலும் 'அசையக்கூடிய மணிக்கட்டும் நடுங்காத விரல்களும் உடையவர்களுக்கானது' என்று எழுதியிருக்காது. 'இங்கே சொடுக்குக' என்று மட்டும் இருக்கும். விசைகளால் சுட்டியை நகர்த்துபவருக்கோ தனிப் பட்டியல், தனிப் பெயர், தனி அனுமதி.

இதை அவள் கருத்தாக அறிந்தது ஆய்வகத்தில். அதன் விலையை அறிந்தது ஒரு தேர்வுக்கூடத்தில்.

பட்டை கட்டிய நான்காம் வாரத்தில் ஓர் ஆசிரியப் பணித் தேர்வு. கணினி வழித் தேர்வு; 2 மணி நேரம், 120 வினாக்கள். நுழைவுச்சீட்டிலேயே விதி அச்சிடப்பட்டிருந்தது: மவுஸை மட்டுமே பயன்படுத்த வேண்டும்; விசைப்பலகையைத் தொட்டால் திரை பூட்டப்படும். முறைகேட்டைத் தடுக்க வகுத்த விதி. அதில் நியாயம் உண்டு. அவள் முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதினாள். எழுத்தர் வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம், எண்விசைகளை மட்டும் இயங்க விட்டால் போதும் என்று கேட்டாள். மருத்துவரின் சான்றையும் இணைத்தாள். உரிய படிவத்தில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் சான்று இணைக்கப்படவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

40 விழுக்காடு என்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சில பயன்களுக்கு, குறிப்பாக இடஒதுக்கீட்டுக்கு, வகுத்துள்ள அளவுகோல். ஆனால் அதே சட்டம் நியாயமான ஏற்பாடு என்ற இன்னொரு கருத்தையும் வரையறுத்துள்ளது: ஒருவர் மற்றவர்களோடு சமமாகத் தம் உரிமையைப் பயன்படுத்துவதற்காக, அளவுமீறிய சுமையை ஏற்படுத்தாத, தேவையான மாற்றங்களைச் செய்து தருவது. இவ்விரண்டையும் குழப்பக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. அந்த வழக்கும் ஒரு கையைப் பற்றியதே. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் நோயுடைய ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் கேட்டு மறுக்கப்பட்டிருந்தார். 40 விழுக்காட்டை எட்டாதவர் என்பதாலேயே அவருக்கு உதவியை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதைத் தொடர்ந்து 2022-இல் நடுவண் அரசு, அந்த அளவை எட்டாதவர்களுக்கும் எழுத்தர் வசதி தரும் வழிகாட்டுதலை வெளியிட்டது.

அவளுடைய நிலை அதிலும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதை அவள் உணர்ந்தே இருந்தாள். அவள் நோய் சில மாதங்களில் தீரக்கூடியது. தன்னை மாற்றுத்திறனாளி என்று அழைத்துக்கொள்ள அவளுக்குத் தயக்கம் இருந்தது. வாழ்நாள் முழுவதும் போராடி ஒரு சான்றைப் பெற்றவர்களின் இடத்தில் வந்து நிற்பதாகத் தோன்றியது. அந்தத் தயக்கத்தை மூத்த ஆய்வாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நீ என் இருக்கையைக் கேட்கவில்லையே அம்மா. பூட்டிய கதவைத்தானே திறக்கச் சொல்கிறாய். திறந்தால் எல்லாரும் போகலாம்."

தேர்வு நாளில் கண்காணிப்பாளர் பட்டையைப் பார்த்து வருந்தினார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். விசைப்பலகையை மட்டும் திறக்க அவரால் முடியவில்லை. மென்பொருள் எங்கோ தொலைவிலிருந்து இயக்கப்பட்டது. அவள் இடக்கையால் மவுஸைப் பிடித்தாள். விடைக்கான வட்டங்கள் சிறியவை. ஒரு வட்டத்தைக் குறிவைத்து அடுத்ததில் சொடுக்கி, அழித்து, மீண்டும் சொடுக்கி நேரம் கரைந்தது. நேரம் முடிந்தபோது 9 வினாக்கள் எஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்று குறியுடைமைக் கோட்பாட்டைப் பற்றியது என்பதை அவள் கடைசிப் பக்கத்தை விரைந்து புரட்டியபோது கண்டாள்.

அவளுக்கு அந்தப் பணி கிடைக்கவில்லை. 9 வினாக்களால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. அவளும் அப்படிச் சொல்வதில்லை.

ஆய்வகத்தில் எல்லைகள் தொடர்ந்தன. இரண்டாம் வாரத்தில் நாளுக்கு 100, நான்காம் வாரத்தில் 150. பிராட்டில் பாதி வேலைக்குச் சுட்டியே தேவையில்லை என்பதையும் அப்போதுதான் கற்றாள்: டேப் விசை ஒலியை ஒலிக்கச் செய்கிறது, என்டர் எல்லையை இடுகிறது, கன்ட்ரோலோடு சேர்ந்த எழுத்துகள் திரையை விரிக்கவும் சுருக்கவும் செய்கின்றன. சுட்டி தேவைப்பட்டது ஓரிடத்தில் மட்டும்: அலையின் எந்தப் புள்ளி என்று காட்ட. அந்த ஓரிடத்துக்காகத்தான் மணிக்கட்டு ஆயிரக்கணக்கான முறை திரும்பியிருந்தது.

ஊர்ந்து செல்வதில் ஒரு பயனும் இருந்தது. பதிவில் ஒரு மூதாட்டியின் குரல் உண்டு. ஒரே சொல்லை மூன்றாம் முறை சொல்லச் சொன்னபோதெல்லாம் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பின் மூச்சு உயிரொலியின் இறுதியில் கலந்து அதை நீட்டியிருந்தது. மவுஸால் விரைந்து இட்ட எல்லைகளில் அவள் அதையும் நெடிலோடு சேர்த்து அளந்துவிட்டிருந்தாள். 6-ஐத் தட்டித் தட்டி நகர்ந்தபோது, அலைவின் ஒழுங்கு எங்கே முடிகிறது, மூச்சு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் பட்டது. அந்தப் பேச்சாளரின் ஒலிப்புகள் அனைத்தையும் அவள் மீண்டும் அளந்தாள்.

அப்படியானால் மற்ற எல்லைகள்? மவுஸால் இட்டவையும் விசையால் இட்டவையும் ஒரே தரவில் கலந்திருக்கலாமா என்று நெறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. வலி ஓரளவு தணிந்த பின், ஏற்கெனவே மவுஸால் எல்லையிட்ட 200 ஒலிப்புகளை, பழைய கோடுகளை மறைத்துவிட்டு விசைகளால் மீண்டும் எல்லையிட்டாள். பிறகு அவற்றையே இன்னொரு நாள் மறுபடியும் விசைகளால் எல்லையிட்டாள். கருவி மாறியதால் வந்த வேறுபாடு, அதே கருவியால் இரு நாட்களில் செய்தபோது வந்த வேறுபாட்டை விடப் பெரிதாக இல்லை. தரவு நின்றது.

ஆனால் ஆய்வுமுறை இயலில் இதைக் குறிப்பிட வேண்டுமா என்பதில் பேச்சு நீண்டது. நெறியாளர் தயங்கினார். "எவரும் மவுஸால் எல்லையிட்டேன் என்று எழுதுவதில்லை. நீ மட்டும் விசையால் என்று எழுதினால், தேர்வாளர் அதையே குறையாகப் பிடிக்கலாம்."

"எவரும் எழுதுவதில்லை என்பதால்தான் எழுத வேண்டும், சார்" என்றாள் அவள். "எழுதினால் இரண்டையும் எழுதுகிறேன்."

அவர் சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

ஆய்வேடு உரிய நாளுக்கு 4 நாள் முன்னதாகச் சமர்ப்பிக்கப்பட்டது. மூன்றாம் இயலில் அந்தப் பத்தி இருக்கிறது. முதல் 3,100 எல்லைகள் வலக்கையால் மவுஸைக் கொண்டும், எஞ்சியவை இடக்கையால் எண்விசைகளைக் கொண்டும் இடப்பட்டன என்று அது தொடங்குகிறது. ஒப்பீட்டின் அட்டவணை அதன் கீழே உள்ளது.

ஆய்வகச் சுவரில் ஒரு தாளும் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த எண் எந்தத் திசை என்பதைத் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம், தமிழ் ஆகிய நான்கிலும் எழுதியிருக்கிறாள். அதன் ஓரத்தில் மூத்த ஆய்வாளர் பிரெய்லில் குத்திய அட்டையும் உண்டு. துறையின் அடுத்த நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பத்தில், கணினியை எந்த முறையில் இயக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்வி எல்லாருக்கும் பொதுவாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று இருவரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். 'மவுஸ்' என்பதும் அதில் ஒரு தெரிவாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.